நூல் அவிழ்க்கப் போன வேன்

எங்கள் தெருவில் அந்த அம்மாவை எல்லோரும் டூர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை. இப்போது மகனோடு ஓசூரில் இருக்கிறார். இங்கே இருந்த வரைக்கும் அமாவாசைக்கு ஒரு கோயில், ஆடிக்கு ஒரு மலை, கார்த்திகைக்குத் திருவண்ணாமலை என்று வேன் வைத்து ஆட்களைக் கூட்டிப்போவதுதான் அவருடைய தொழில்.

கூட்டிப்போவது என்றதும் முன்னால் கை காட்டிக்கொண்டு நடப்பார் என்று நினைக்க வேண்டாம். எல்லோரும் இறங்கின பிறகுதான் வேனிலிருந்து இறங்குவார். எல்லோரும் ஏறின பிறகுதான் ஏறுவார். அந்த இடைவெளியில், நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்துக்குத் திரும்பப் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று பார்ப்பார். டிரைவர் ஹாரனை அழுத்துவான்.

"இன்னாக்கா, எதுனா வுட்டுட்டியா? ஜல்தி வா!"

"நான் ஒண்ணும் வுடலப்பா. இவங்கள்லாம் இன்னா வுட்டாங்கன்னு பாத்துக்கினு வரேன்."

அவர் வாயில் எப்போதும் ஒரு வார்த்தை இருக்கும். "அப்பால?" என்பார். எதைச் சொன்னாலும் "அப்பால?" கல்யாணம் நன்றாக நடந்தது, ரெண்டு பாயசம், மாப்பிள்ளை தங்கமான பையன் என்று சொல்லி முடித்தால், "சரி, எல்லாம் போனாங்க, அப்பால?" என்று கேட்பார். அப்பால் என்ன இருக்கிறது, மண்டபத்தைக் கழுவுவார்கள் என்போம். அது போதாது அவருக்கு. ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் கிளம்பின பிறகு மண்டபத்தின் பின்பக்கம் போய், எச்சில் இலை போகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாராம். மாடு இலையோடு சேர்த்து பிளாஸ்டிக் கப்பையும் மெல்லுகிறது என்று மறுநாள் தெருவில் வந்து சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. மாடு கப்பை எப்படிப் புரட்டிப் புரட்டி மென்றது என்று வாயைக் கோணிக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்த பிறகு யாருக்கும் நன்றாக இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். தறி தெரியும், அம்மனைத் தெரியும். காலையில் விளக்கேற்றிக் கும்பிடாமல் தறியில் உட்கார மாட்டேன். அதனால் அந்த அம்மா சாமி விஷயத்தில் கேட்கிற கேள்விகள் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. தெருக்கோயிலில் ஒருநாள் குருக்களை மடக்கிவிட்டார்.

"சாமி, நட சாத்திட்டுப் போறீங்களே, அப்பால உள்ள வௌக்கு தானா அணையுமா, நீங்களே அணைச்சுட்டுப் போவீங்களா?"

"உனக்கு எதுக்கும்மா அது?"

"நாங்கள்லாம் போனப்புறம் அம்மா இருட்டுல இருக்குதா வெளிச்சத்துல இருக்குதான்னு தெரிஞ்சுக்கினா தேவலன்னுதான்."

குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேட்கக் கூடாததைக் கேட்கிறாளே என்று எனக்குக் கோபம். ஆனால் அன்றைக்கு முழுக்கத் தறியில் உட்கார்ந்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கும்பிடுகிறேன், நான் திரும்பி வந்த பிறகு அம்மன் எப்படி இருப்பாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆரணியிலிருந்து கண்ணமங்கலத்தைத் தாண்டி மலைப்பக்கம் திரும்பினால் காப்புக்காடு. அதற்குள் ஒரு மலைமேல் எங்கள் தெருக்காரர்கள் வேண்டிக்கொள்ளும் அம்மன் இருக்கிறாள். அடிவாரத்தில் வனத்துறை கேட், அதில் காவலுக்கு ஒரு கார்டு. மேலே கோயிலை ஒட்டிப் பூசாரியின் உறவுக்காரர்கள் வாழும் சின்ன ஊர். ஆடியில் அக்காவின் வேன்கள் அங்கேதான் போகும். மேலே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்போம், சாப்பிடுவோம், ஓடையில் குளிப்போம், இறங்கிவிடுவோம்.

ஓர் ஆடியில் எங்களை வேனில் ஏற்றிவிட்டு அக்கா மட்டும் மேலேயே தங்கிவிட்டார். பூசாரி வீட்டில் படுத்து, எழுந்து, எல்லாம் பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். "நீங்க எறங்கினதும் மொதல்ல காக்கா வந்துச்சு. அப்பால கொரங்கு. பொழுது சாயற நேரத்துக்குக் கரடி வந்துச்சு. நாம பொங்கப் பான கவுத்த எடத்துல மண்ணோட சேத்து வெல்லத்த நக்குது. அந்த ஊர்ல ஆடித் திருவிழா முடிஞ்சா, கரடி பழகிப்போயி வழியிலயே சுத்துமாம். புள்ளைங்கள வெளிய வுட மாட்டாங்களாம். பூசாரி பொண்ஜாதி சொல்லுது, 'உங்க சாமி வந்துட்டுப் போனா எங்களுக்குக் கதவு சாத்து'ன்னு."

அடுத்த வருஷம் அக்கா அடுப்பைக் கீழே கேட்டுக்கு வெளியே போடவைத்தார். படையலுக்கு மட்டும் ஒரு சின்னத் தூக்கில் மேலே. "மலமேல பொங்கறதுதாங்க வேண்டுதலு. கீழ பொங்கிட்டு மேல தூக்கினு போறதுக்கு வூட்டுலயே பொங்கிட்டு வரலாமே" என்று பெரியவர்கள் சண்டை போட்டார்கள். அக்கா சண்டை போடவில்லை. "கரடி வந்தப்ப நீ அங்க இருந்தியா? நான் இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். வேன் அவருடையது, அதனால் நடந்தது.

அப்போதுதான் மலையடிவாரத்தில் ஒரு புது விடுதி வந்தது. பச்சை நிறப் பலகை, இயற்கையோடு வாழ வாருங்கள் என்று எழுத்து. ஆட்களைக் கூட்டிவந்தால் கவனித்துக்கொள்கிறோம் என்று அதன் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினார். நானும் கூடப் போயிருந்தேன். மூங்கில் குடிசை, மண்பானைத் தண்ணீர், எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா கேட்டது ஒன்றுதான். "இங்க குளிக்கற தண்ணி அப்பால எங்க போவுது தம்பி?" செடிக்குப் போகிறது என்று அவர் தோட்டத்தைக் காட்டினார். அக்கா தலையாட்டிக்கொண்டே மதில் ஓரமாக நடந்து பின்பக்கம் போனார். அங்கே ஒரு குழாய், சோப்பு நுரையோடு ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதே ஓடைதான் கீழே ஆடு மாடுகள் குடிப்பது. திரும்பி வந்து, "நல்லா கட்டியிருக்கீங்க" என்று மேனேஜரிடம் சிரித்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஒருநாளும் அங்கே வேனை விடவில்லை. "போர்டு முன்னால இருக்குது, கொழாய் பின்னால இருக்குது" என்றார் வழியில்.

இதெல்லாம் வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்கே அவர் கேள்வி வந்து நின்றது நூல் விஷயத்தில்தான்.

அம்மன் கோயில் முன்னால் ஆலமரம் போலப் பெரிய இச்சி மரம். கல்யாணம், குழந்தை, நோய் என்று வேண்டிக்கொண்டு அதில் நூல் கட்டுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் கட்டுவது மஞ்சள் தடவின பருத்தி நூல். நாங்கள் ஆரணிக்காரர்கள். தறியில் நீளவாக்கில் ஏற்றின பாவு முடிந்து கடைசிச் சேலையை அறுத்து எடுத்ததும் ஒரு முழம் நூல் மிஞ்சும். முறுக்கேற்றின நல்ல பட்டு. அம்மாவுக்குப் போய்ப் பருத்தி கட்டுவதா என்று அதைக் கொண்டுபோய்க் கட்டுவோம். பருத்தி ரெண்டு மழையில் இற்று விழுந்துவிடும். பட்டு விழாது. விழாமல் இருப்பதை அம்மன் அருள் என்று நினைத்துக்கொண்டோம்.

என் மகளுக்கு ரெண்டு தடவை கரு நின்று கலைந்துபோனது. அதற்காக என் மனைவி மாம்பழ நிறப் பட்டு நூலைக் கொண்டுபோய் அந்த மரத்தில் கட்டிவிட்டு வந்தாள். மறு வருஷம் ஆடியில் மகளுக்கு மூன்றாம் மாதம். டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னதால் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பேச்சும் நடையும் மெதுவாகிப்போன வீடு அது. தறிச் சத்தம் அவளுக்கு ஆகுமோ ஆகாதோ என்று நான் அதைக்கூட நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன்.

அந்த ஆடியிலும் அக்கா மேலே தங்கிவிட்டு வந்தார். வந்தவர் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். மனைவி காபி கொடுத்தாள். கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"இச்சி பழுத்திருக்குது. பச்சப் புறா கூட்டம் கூட்டமா வருது பழம் திங்க. ஒண்ணு நம்ம நூல்ல கால வுட்டுக்கிச்சு. தலகீழா தொங்கிக்கினு றெக்கைய அடிச்சிக்குது, அடிச்சிக்குது. பூசாரி பொண்ஜாதி ஏணி எடுத்துக்கினு வந்தா. மேல ஏறினா. ஏறிட்டு, 'வேண்டுதல் நூலுக்கா, என் கையால அறுக்க மாட்டேன்'னு எறங்கிட்டா. பூசாரியும் மாட்டேன்னுட்டாரு."

"நீங்க அறுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"அறுத்திருக்கணும். நானும் பயந்துக்கினுதான் நின்னேன். எந்தப் புள்ளைக்காக எவ கட்டினதோ."

உள்ளறையில் படுத்திருந்த மகள் அங்கிருந்தே கேட்டாள். "அப்பால இன்னா ஆச்சு பெரிம்மா?"

அக்கா காபியைக் கீழே வைத்தார். "காலைல அது அடிச்சிக்கலம்மா."

பிறகு அக்கா வந்த விஷயத்தைச் சொன்னார். வனத்துறையில் நூலை எல்லாம் அறுத்துப்போடச் சொல்லிவிட்டார்களாம். கார்டு மரத்தடியில் போய் நின்றுவிட்டு, "எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுக்கா" என்று திரும்பிவிட்டானாம். பூசாரி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும் என்று. அதனால் ஆவணியில் ஒரு வேன் வைக்கப்போகிறேன், கட்டினவர்கள் வந்து அவிழ்க்க வேண்டும் என்றார்.

என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். "இன்னாக்கா பேசறீங்க? வயித்துல புள்ள இருக்குது, வேண்டுதல அவுக்கச் சொல்றீங்களே, இது அடுக்குமா? ரெண்டு தபா கையில வந்தது போச்சு. இந்தத் தபா அந்த நூலுதான் புடிச்சிக்கினு இருக்குதுன்னு நான் இருக்கறேன். உங்களுக்கு எங்கத் தெரியும்?"

"தெரியாதுதாம்மா" என்றார் அக்கா. "அந்த நூலு புடிச்சிக்கினு இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியல. புறாவப் புடிச்சிக்கினு இருந்தது தெரியும்."

அதைக் கேட்டு மனைவி இன்னும் கோபமாகிவிட்டாள். அக்கா கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு மகள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "அவுத்துடும்மா. என் பேரைச் சொல்லிக் கட்டினதுல ஒண்ணு தொங்கிக்கினு இருக்கும்னு நெனச்சா எனக்கு இன்னாவோ பண்ணுது." மனைவி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மகள் சொன்னதும் சரி, மனைவி பயந்ததும் சரி. அம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். எதைக் கேட்பது என்றே தெரியாமல் திரும்பி வந்தேன்.

தெருவில் அந்த டூர் பெரிய கேலியாகிவிட்டது. டீக்கடையில் ஒருவர் அக்காவை நிறுத்திக் கேட்டார்.

"டூருன்னா எதுனா காட்டணும்க்கா. இது இன்னா அவுக்கற டூரு?"

"போன தடவ நீ கட்டிட்டு வந்தத காட்டறேன், வா."

"நாஷ்டா உண்டா?"

"கீழ இட்லி. மேல தண்ணி மட்டும்."

வேன் கிளம்பும் நாளில் நான் மட்டும் போவதாக இருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நான் அவுக்கறதுக்கு வரல. வேற எவளாவது என் நூல்ல கைய வெச்சுடப் போறா. அதப் புடிச்சிக்கினு நிக்கறதுக்கு வரேன்" என்றாள். மகளுக்குத் துணையாகச் சம்பந்தியம்மாவை வரச் சொல்லியிருந்தாள், எனக்குத் தெரியாமலே.

வேனில் எதிர்வீட்டுக்காரியும் இருந்தாள். சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் என் மனைவியோடு பேச்சு இல்லாதவள். இவள் முன்னால் உட்கார்ந்தாள், அவள் பின்னால் உட்கார்ந்தாள். வழியில் பக்திப் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. எல்லோரும் வந்ததே அரை மனசோடுதான் என்று எனக்குத் தோன்றியது. யாராவது ஒருத்தி 'வேணாம், திருப்பு' என்று சொல்லியிருந்தால் வேன் திரும்பியிருக்கும்.

மேலே போய் மரத்தைப் பார்த்ததும் எல்லோரும் நின்றுவிட்டோம். நான் எத்தனையோ தடவை அந்த மரத்தைப் பார்த்திருக்கிறேன். அதுவரைக்கும் என் கண் நூலைப் பார்த்ததே தவிர மரத்தைப் பார்த்ததில்லை. கைக்கு எட்டுகிற கிளையெல்லாம் நூல். அதற்கு மேலே ஏணி வைத்துக் கட்டின நூல். பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போய், சில இடங்களில் மரமே அதை மூடி வளர்ந்திருந்தது. ஒரு கிளையில் காய்ந்த சின்னக் கால் ஒன்று மட்டும் தொங்கியது. அக்கா அதைக் காட்டவில்லை. நாங்களே பார்த்தோம்.

மனைவி நேராக அவள் கட்டின கிளைக்குப் போனாள். "மாம்பழக் கலரு, எனக்குத் தெரியாதா" என்று தேட ஆரம்பித்தாள். நாங்கள் நிறத்தில் ஏமாறுகிறவர்கள் இல்லை. ஒரே சாயத்தில் ரெண்டு தடவை போட்ட நூலைப் பக்கத்தில் வைத்தால், இது முன்னது இது பின்னது என்று சொல்லுவோம். ஆனால் அங்கே அந்த ஆடியில் கட்டின நூல்களில்தான் கொஞ்சம் நிறம் இருந்தது. அதற்கு முந்தினது எல்லாம் வெயிலிலும் மழையிலும் வெளுத்து, சாம்பல் பூசினது போல ஒரே நிறம். அரக்கும் அதுதான், கிளிப்பச்சையும் அதுதான், மாம்பழமும் அதுதான். மனைவி ஒன்றைப் பிடித்தாள், விட்டாள், இன்னொன்றைப் பிடித்தாள். விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"என்னுது எதுங்க?" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

சுற்றிலும் எல்லோரும் அதே மாதிரிதான் நின்றார்கள். கட்டின கை அவிழ்க்க வேண்டும் என்றால், யார் கட்டினது எது? பூசாரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். டூர் அக்காவுக்கும் இது எதிர்பாராதது என்று முகத்தில் தெரிந்தது.

அப்போது எதிர்வீட்டுக்காரி, மாதக்கணக்கில் பேசாதவள், ஒரு நூலைப் பிடித்தபடி என் மனைவியைப் பார்த்தாள். "இது உன்னுதா பாரு. கண்ணு தெரிய மாட்டேங்குது எனக்கு." அவள் கண்ணில் தண்ணீர்.

மனைவி அதைப் பிடித்துப் பார்த்தாள். "தெரியலையே. நீ எதுக்குக் கட்டினே?"

"எங்க வூட்டுக்காரருக்கு. குடி வுடணும்னு."

ரெண்டு பேரும் அந்த நூலைப் பிடித்தபடி நின்றார்கள். எனக்கு மனைவியைத் தடுக்கவும் தோன்றவில்லை, அவிழ்க்கச் சொல்லவும் வாய் வரவில்லை. மனைவி முடிச்சில் நகத்தை வைத்தாள். பட்டு முடிச்சு சீக்கிரம் இளகாது. ரொம்ப நேரம் ஆனது. அவிழ்ந்து கையில் வந்ததும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கோயிலைப் பார்த்து உரக்கவே சொன்னாள்.

"தாயே, இத யாரு கட்டினாங்களோ எனக்குத் தெரியாது. அவங்க இன்னா நெனச்சுக் கட்டினாங்களோ அது நடக்கட்டும்."

அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரி அடுத்த நூலைப் பிடித்தாள். அவளும் அதையே சொன்னாள். பிறகு எல்லோரும். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒருத்தி யாரென்றே தெரியாத ஒருத்திக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். பூசாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணியைத் தூக்கி வந்தார். நானும் ஏறினேன். கோயிலுக்குப் போய் எனக்காகவும் என் வீட்டுக்காகவும் வேண்டிக்கொண்டதுதான் அதுவரை. அன்றைக்குத்தான் ஊரார் பிள்ளைக்கும் ஊரார் நோய்க்கும் வரிசையாக வேண்டிக்கொண்டேன். என் விரல் நுனியெல்லாம் எரிந்தது. கடைசிக் கிளைவரை முடிக்க முடியவில்லை. மிச்சத்துக்கு அடுத்த மாதம் இன்னொரு வேன் போனது. அதற்கு அக்கா யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அதன்பிறகு அவர் வேன் வைத்த வரைக்கும், மேலே போகிறவர்கள் ஒன்றை அவிழ்த்துவிட்டுத்தான் ஒன்றைக் கட்டுவார்கள். அதுவும் பருத்தி.

வீட்டுக்கு வந்ததும் மகள் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். "என்னுத அவுத்துட்டியாம்மா?"

"உன்னுத எவளோ அவுத்தா. நான் எவளுதோ அவுத்தேன்" என்றாள் மனைவி. அப்புறம் ஆறு மாதமும் அவள் நிம்மதியாகத் தூங்கவில்லை. மகள் வயிற்றில் கையை வைத்துப் பார்ப்பாள், அம்மன் படத்தைப் பார்ப்பாள். பயம் போயிற்று என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடேதான் இருந்தோம்.

தை மாதக் கடைசியில் பேத்தி பிறந்தாள். நூலை அவிழ்த்ததால் பிறந்தாள் என்றும் சொல்ல மாட்டேன், கட்டினதால் என்றும் சொல்ல மாட்டேன். கொடுத்தவளுக்குத் தெரியும்.

டூர் அக்கா பார்க்க வந்தார். குழந்தையை மடியில் வாங்கி உச்சி முகர்ந்தார். அவருக்குள் ஒரு கேள்வி குறுகுறுத்துக்கொண்டே இருந்தது தெரிந்தது. கடைசியில் கேட்டேவிட்டார்.

"உன் நூல அவுத்தது யாருன்னு நான் கண்டுபுடிக்கட்டாம்மா? நீ எந்தக் கெளைல கட்டினேன்னு எனக்குத் தெரியும். அந்தக் கெளைகிட்ட யார் யாரு நின்னாங்கன்னும் ஞாபகம் இருக்குது. ஒவ்வொருத்தரா கேட்டா தெரிஞ்சுடும்."

"வேணாங்க்கா" என்றாள் என் மனைவி. "தெரிஞ்சுபோச்சுன்னா அந்த ஒருத்தியத்தான் கும்புடுவேன். தெரியாம இருக்கறதால, கொழாயடில எவளப் பாத்தாலும் இவளா இருக்குமோன்னு தோணுது. எதிர்வூட்டுக்காரி தண்ணிய இந்தப் பக்கம் வுட்டாகூட வாயத் தொறக்க மாட்டேங்கறேன்."

அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "சரி, வுடு" என்றார்.